வெயில்கால விஞ்ஞானம்: பிள்ளைகளோடு முற்றத்தில் இறங்கும்போது விடக்கூடாத பிழைகள்

வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இடையில் சித்திரை மழை கொஞ்சம் பெய்தாலும், மாசியிலிருந்து புரட்டாதி வரை முற்றம் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். பிள்ளைகளோடு வெளியே இறங்கி விஞ்ஞானம் செய்து பார்க்க நல்ல காலம். ஆனால் புத்தகத்தில் உள்ள விடையை முற்றத்திலும் அப்படியே காண நினைப்பதால்தான் பல பரிசோதனைகள் சப்பென்று போய்விடுகின்றன. எங்கள் வெயிலும் காற்றும் மண்ணும் என்ன காட்டுகின்றன என்பதே கேள்வியாக இருக்க வேண்டும்.

நிழலை எடுப்போம். முற்றத்தில் ஒரு தடியை நட்டுவிட்டு, "நடுப்பகலில் நிழல் வடக்குப் பக்கம் விழும், பார்" என்று முதலே சொல்லிவிடும் பெற்றோர் பலர். வன்னியில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் நிழல் தெற்கே விழுகிறது. அந்த மாதங்களில் உச்சிச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பதுதான் காரணம். பிள்ளை கண்ணால் கண்டதைச் சொல்ல, நாங்கள் "பிழை" என்று சொன்னால் அங்கேயே அதன் ஆர்வம் போய்விடும்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏப்ரல் 14ஆம் திகதியளவில், அதாவது புத்தாண்டையொட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. வவுனியாவில் ஓரிரு நாள் முன்னதாக. ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. அன்று நேராக நிற்கும் தடிக்கு நிழலே இராது. இதைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக விடும் பிழைகள் இரண்டு. ஒன்று, தடி நேராக நிற்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்து நடுவது. நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நிழல் விழுந்துவிடும். மற்றது, மணிக்கூட்டில் 12 அடித்ததும் பார்த்துவிட்டு உள்ளே போவது. இலங்கை நேரம் கிழக்கு 82.5 பாகை நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுகிறது. கிளிநொச்சி ஏறக்குறைய 80.4 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், ஏப்ரலில் எங்கள் உச்சி வேளை 12 மணி 8 நிமிடமளவில்தான் வரும். இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடவிடுங்கள். 11 மணியிலிருந்து கால்மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் ஒரு கல் வைத்துவிட்டு வேம்பின் கீழே வந்து இருந்தால் போதும், வெயிலில் நின்று காயத் தேவையில்லை. ஓடியாடும் மற்ற விளையாட்டுகளைக் காலை 10 மணிக்கு முன்னரோ பின்னேரம் 4 மணிக்குப் பின்னரோ வைத்துக்கொள்ளுங்கள். வைகாசிக் காண்டாவன வெயிலில் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

உச்சிக்கு வந்துவிட்டதா என்று சூரியனை நேரே பார்க்க விடாதீர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டும் கூடாது. பூதக்கண்ணாடியைப் பிள்ளையிடம் தனியே கொடுக்கவும் கூடாது. காய்ந்த கிடுகு வேலி பற்றக் கன நேரம் எடுக்காது.

தண்ணீர் குளிர்வதைக் காட்டும் மண்பானைப் பரிசோதனையில் நடக்கும் பெரிய பிழை, வெயில்கால விளையாட்டுத்தானே என்று பானையை வெயிலில் வைப்பது. நிழலில், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். பக்கத்தில் அதே அளவு கிணற்றுத் தண்ணீரோடு ஒரு பிளாஸ்ரிக் வாளி இருக்கட்டும். பானையின் நுண்துளைகளால் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் நாளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்; மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் அவ்வளவாகத் தெரியாது. வர்ணம் பூசிய பானை சரிவராது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியும் உதவாது, அது உடல் வெப்பத்தையொட்டிய அளவுகளை மட்டுமே காட்டும். ஆய்வுகூட வெப்பமானி கிடைக்காவிட்டால், பானையில் எவ்வளவு நீர் குறைந்தது என்று அளந்து பார்க்கலாம்.

இனிச் சொல்வதை எல்லாவற்றுக்கும் மேலாக மனதில் வையுங்கள். காந்தத்தைக் கொடுத்து "வெளியே போய் இரும்பு தேடிக்கொண்டு வா" என்று பிள்ளையை அனுப்பாதீர்கள். எங்கள் மண்ணில் இன்னும் வெடிபொருட்கள் கிடக்கின்றன. பற்றைக்காடு, கைவிட்ட வளவு, பழைய பங்கர், ஆட்கள் புழங்காத குளக்கரை எதுவும் தேடல் விளையாட்டுக்கு ஏற்ற இடமல்ல. வெள்ளம் ஓடிய நிலத்தில் புதைந்திருந்தது மேலே வரலாம். தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், எறிந்து பார்க்காமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களிடம் சொல்லப் பழக்குங்கள். நீங்கள் உடனே பொலிசுக்கு 119இல் அறிவியுங்கள். காந்தத்துக்கு வீட்டு முற்றத்து மணலைத் தட்டில் பரப்பினால் போதும். ஒட்டிவரும் கறுப்புத் துகள்களைப் பிள்ளைகள் அலுக்காமல் பார்ப்பார்கள்.

இரணைமடு போன்ற குளங்களில் வற்றும் காலத்துச் சேறு ஆளை இழுக்கும், முதலையும் உண்டு. குளத்து நீர் வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் போத்தலில் எடுத்துவரட்டும். அதில் நுளம்புக் குடம்பி இருந்தால் வாயைத் துணியால் கட்டி, இரண்டு நாளில் காய்ந்த மணலில் ஊற்றிவிடுங்கள்.

தாழ்வாரத்துப் புழுதியில் குழி தோண்டி வாழும் குழியானைப் பூச்சி இருக்கும்போது தூரம் போகவும் தேவையில்லை. புனல் மாதிரியான அந்தக் குழியின் சரிவு, மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லையில் இருக்கிறது. எறும்பு கால் வைத்ததும் மணல் சரியும். அடியிலிருந்து குழியானை தலையால் மணலை வீசி எறிந்து இன்னும் சரியவைக்கும். அது பின்பக்கமாகவே நகரும். பின்னர் இறகு முளைத்துத் தும்பி போன்ற பூச்சியாகிவிடும். பலர் இதைப் பிடித்துப் போத்தலில் அடைத்து, ஐந்து நிமிடத்தில் குழி தோண்டவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குச் சில மணி நேரம்கூட எடுக்கலாம். மூன்று சிரட்டைகளில் நுண்மணல், பருமணல், ஈரமணல் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றை விடுங்கள். மூன்றையும் ஒரே நிழலில் வையுங்கள். மணலையும் மாற்றி இடத்தையும் மாற்றினால் எதனால் எது நடந்தது என்று சொல்ல முடியாது. எதில் குழி வரும் என்பதைப் பிள்ளை முதலில் எழுதிவைக்கட்டும். அடுத்த நாள் பார்த்து முடிந்ததும், எடுத்த இடத்திலேயே விளக்குமாறு படாத மூலையில் விட்டுவிடுங்கள்.