வெளிநாட்டிலிருந்து தருமபுரிப் பக்கம் வருகிறீர்களா? முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

என் முன்பற்கள் இரண்டிலும் பழுப்பு வரி ஓடும். பாலக்கோடு பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்கும் இது உண்டு. வெளிநாட்டில் முதல்முறை பல் மருத்துவரிடம் போனபோது, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார். ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல் உருவாகும் வயதில் பிடித்த கறை என்று விளக்க வேண்டியிருந்தது.

இதை முதலில் சொல்லக் காரணம் என் மகள். அவளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஊருக்கு வந்தோம். புதுத் தண்ணி பிள்ளைக்குச் சேராது என்று அவள் ஆயா, அதாவது என் அம்மா, போர் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, ஆற்றி, பால் பவுடர் கலக்க எடுத்து வைத்தார். பாசத்தில் செய்த வேலை. ஆனால் கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். அம்மாவிடம் என் பல்லைக் காட்டித்தான் புரியவைத்தேன்.

நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடுதான் ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீர் இதைத் தாண்டும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-இல் காவிரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் குழாயில் வராத நாளில் போர் தண்ணீரைத்தான் பிடித்து வைப்பார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: “குடிக்கிறது ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா?” வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் கவலையில்லை, அது ஃப்ளோரைடை வடிக்கும். இல்லாவிட்டால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கேன் தண்ணீரை, மூடி சீல் உடையாததாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஒரு மாத விடுமுறையில் குடிப்பதால் பல்லோ எலும்போ கெட்டுவிடாது. ஆண்டுக்கணக்கில் குடித்தால்தான் கேடு. கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீரில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது தடுப்பூசி. “நம்ம ஊர்தானே, சின்ன வயசில் எல்லாம் குடித்து வளர்ந்த உடம்புதானே” என்று நானும் நினைத்தேன். பல ஆண்டு வெளியே இருந்துவிட்டால் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போய்விடுகிறது. சுற்றுலாவுக்கு வரும் வெள்ளைக்காரர் ஊசி போட்டு, பாட்டில் தண்ணீர் குடித்து, ஓட்டலில் தங்கிவிட்டுப் போகிறார். நாம்தான் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய், கொடுத்ததை மறுக்காமல் சாப்பிடுகிறோம். பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளைக் கேளுங்கள். ஒருமுறை போட்ட டைபாய்டு ஊசி ஆயுளுக்கும் காக்காது. வகையைப் பொறுத்துச் சில ஆண்டுகளில் மறுபடி போட வேண்டும். குழந்தைகளின் தட்டம்மை ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்றும் அட்டையைப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட வேண்டாம், அங்கே உறைந்துபோகலாம்.

பெரும்பாலோர் பெங்களூருவில்தான் இறங்குவீர்கள். விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். நாம் போக வேண்டியதோ தெற்கே ஓசூர் வழியாக. நகரத்தைக் குறுக்கே கடந்து தருமபுரி சேர நான்கு மணி நேரம்கூட ஆகும். அழைத்துப்போக வரும் தம்பியோ மச்சானோ இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டி வந்திருப்பார். அவரைத் திரும்பவும் ஓட்டச் சொல்லாதீர்கள், தூங்கி எழுந்த டிரைவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். குழந்தை இருக்கையை நீங்களே கொண்டு வந்துவிடுங்கள், வாடகைக் காரில் எதிர்பார்க்க முடியாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போகிறவர்கள் இருட்டுவதற்குள் சேர்ந்துவிடுங்கள். யானைகள் ரோட்டைக் கடக்கும் காடு அது.

ஒகேனக்கல் போகாமல் யாரும் திரும்புவதில்லை. பரிசலில் ஏறும்போது உயிர்காப்பு உடையைக் கையில் பிடித்துக்கொண்டு போஸ் கொடுக்காமல் கொக்கியை மாட்டுங்கள். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து பரிசலுக்குத் தடை போட்டிருந்தால், தெரிந்தவர் மூலம் ஏற்பாடு செய்கிறேன் என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

தெருநாய் கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் ஊசியை இலவசமாகப் போடுவார்கள். நாள் குறித்த சீட்டைப் பத்திரமாக வையுங்கள்; மிச்ச ஊசியை வெளிநாட்டில் போட்டுக்கொள்ள அது வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழையுங்கள். இரவில் வயல் வரப்பில் நடக்க டார்ச்சும் செருப்பும் வேண்டும்.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். இரவுக்கு மட்டும் சுருள் ஏற்றினால் போதாது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது.

ஊசி போடாமல் வந்த அந்த வருடம், திரும்பிப்போன பத்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. அங்கிருந்த மருத்துவமனையில் ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்குப் போய்வந்ததை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ரத்தத்தைச் சோதித்து டைபாய்டு என்றார்கள். போய்ச் சேர்ந்து ஓரிரு மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால், மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் முதல் பேச்சாக அதைச் சொல்லுங்கள்: இந்தியாவுக்குப் போயிருந்தேன், கிராமத்தில் தங்கினேன், இன்ன தேதியில் திரும்பினேன்.