'ரன்' என்பதற்கு ஸ்பானிஷில் என்ன? பலபொருள் சொல்லை மொழிபெயர்க்கும் முறை

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 'ரன்' என்ற ஒரே வினைக்கு 600-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அதனால் 'ரன்னுக்கு ஸ்பானிஷில் என்ன?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. வாக்கியம் வேண்டும். இங்கே 'ரன்'னையே வைத்துச் செய்து பார்ப்போம். 'கெட்', 'டேக்', 'செட்' எதுவானாலும் வழி இதுதான். ஸ்பானிஷ் சொற்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம்; எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: எழுவாயும் செயப்படுபொருளும்

வாக்கியத்தில் யார் அல்லது எது 'ரன்' ஆகிறது, எதையாவது 'ரன்' செய்கிறார்களா என்று பாருங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். மோட்டார் தானாக ஓடினால் ஃபுன்சியோனார். ஒருவர் அதை இயக்கினால் ஓபெரார் அல்லது மனெஹார். கம்பெனியை நடத்தினால் திரிஹிர். கணினி நிரலை இயக்கினால் எஹெகுதார்.

படி 2: 'ரன்'னை எடுத்துவிட்டு வேறு சொல் போடுங்கள்

அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரே நிபந்தனை: 'ஓடு' என்ற சொல் வரக்கூடாது. பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்று நம் 'ஓடு'வும் 'ரன்' மாதிரியே எங்கும் நுழைகிற சொல். அதை நம்பினால் நேரே கொர்ரேரில் ('ஓடு' என்பதற்கு முதலில் நினைவுக்கு வரும் ஸ்பானிஷ் வினை) கொண்டுபோய் விட்டுவிடும். தமிழர்கள் தடுக்கி விழும் இடம் இது.

'ஓடு' இல்லாமல் சொல்லுங்கள். படத்தின் நீளம் இரண்டு மணி நேரம்: 'லா பெலிகுலா துரா தோஸ் ஓராஸ்'. கடிகாரம் வேலை செய்கிறது: ஃபுன்சியோனார். பஸ் போய்வருகிறது: சிர்குலார். துணியில் சாயம் போகிறது: தெஸ்தெஞிர்.

அதற்காகக் கொர்ரேரை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். மனிதர், விலங்கு, தண்ணீர், வதந்தி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். 'ரிஸ்க் எடுப்பது' கூட ஸ்பானிஷில் 'கொர்ரேர் உன் ரியெஸ்கோ'தான்.

படி 3: பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு சொல்

'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏற்றுவது: அத்ரோபெயார். 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது: என்கொன்த்ரார்சே கொன். கடைசியில் உள்ள 'கொன்'னை விட்டுவிடாதீர்கள். வினையை மனப்பாடம் செய்யும்போதே அதோடு வரும் முன்னிடைச்சொல்லையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

'ரன் அவுட் ஆஃப்' கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. 'எங்களுக்குப் பேப்பர் தீர்ந்துவிட்டது' என்பதை ஸ்பானிஷில் இரண்டு விதமாகச் சொல்லலாம்:

– நோஸ் கெதாமோஸ் சின் பபெல். (எழுவாய்: நாங்கள்)
– சே நோஸ் அகபோ எல் பபெல். (எழுவாய்: பேப்பர்)

இரண்டாவது நமக்கு மிகவும் சுலபம். தமிழிலும் தீர்வது பேப்பர்தானே; 'நாங்கள்' வெறும் 'எங்களுக்கு' ஆகிவிடுகிறோம். 'நோஸ்' செய்வதும் அதே வேலை. ஆனால் பன்மையில் கவனம். 'தாள்கள் தீர்ந்துவிட்டது' என்று நாம் பேச்சில் ஒருமை வினையைப் போட்டுத் தப்பித்துவிடுகிறோம், ஸ்பானிஷ் விடாது. அகபோ, அகபாரோன் ஆக வேண்டும்: 'சே நோஸ் அகபாரோன் லாஸ் ஓஹாஸ்'.

படி 4: திரும்பிச் சரிபார்த்தல்

இருமொழி அகராதியில் முதலில் இருக்கும் சொல்லை அப்படியே எடுக்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் சிறு குறிப்பு இருக்கும் (இயந்திரம், அரசியல், திரவம் என்று). அதைப் படித்தபின் தேர்வு செய்யுங்கள். தேர்ந்த சொல்லை, 1713-ல் தொடங்கப்பட்ட ஸ்பானிஷ் மொழி அமைப்பான ரியால் அகாடெமியா எஸ்பஞோலாவின் அகராதியில் தேடுங்கள். இணையத்தில் இலவசம். விளக்கம் ஸ்பானிஷில்தான் இருக்கும், அது நல்லதற்கே.

இந்தப் படியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கொர்ரேர்சே ஒன்று போதும். கொர்ரேரோடு 'சே' ஒட்டியதும் பொருள் மாறுகிறது. லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் அது 'கொஞ்சம் நகர்ந்துகொள்வது'. ஸ்பெயினிலோ, ஆளைப் பற்றிச் சொன்னால் பாலியல் கொச்சை.

படி 5: எந்த நாட்டு வாசகர்?

தேர்தலில் நிற்பதை ஸ்பெயினில் ப்ரெசென்தார்சே என்பார்கள்; லத்தீன் அமெரிக்காவில் போஸ்துலார்சே அதிகம் புழங்குகிறது. வாசகர் எந்த நாட்டவர் என்று தெரியாவிட்டால் 'செர் கந்திதாத்தோ', அதாவது 'வேட்பாளராக இருப்பது' என்று எழுதிவிடுங்கள். எல்லா நாட்டிலும் புரியும். வேட்பாளர் பெண் என்றால் கந்திதாத்தா.