பள்ளிக் கட்டடத்துக்குப் பெரிய நன்கொடை கேட்பது எப்படி? புதிய வாரிய உறுப்பினர்களுக்கு ஒரு செய்முறை

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம் வேண்டும் என்றதும் நம் ஆட்கள் முதலில் அச்சடிப்பது விருந்து டிக்கெட். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவருக்கு மாலை, நாலு பாட்டு, மாதிரிக் காசோலையோடு ஒரு படம். மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்தால் கழிப்பறை கட்டலாம், வகுப்பறை கட்ட முடியாது. விருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கடைசியில் வர வேண்டியது.

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில், பகுதி உதவி பெறும் பள்ளியின் மேலாளர் வாரியத்தில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வந்துவிடும். நிலமும் கட்டடமும் அரசுடையவை அல்ல என்பதால் கூரை ஒழுகினால் பெரும்பாலும் வாரியத்துக்குத்தான் தலைவலி.

முதலில் காகிதங்கள்

பெரிய தொகை கொடுப்பவர் பெரும்பாலும் வியாபாரி. அவர் கேட்கும் முதல் கேள்வி, “நிலம் யார் பேர்ல இருக்கு?” பள்ளி இன்னும் தோட்டக் கம்பெனி நிலத்தில் இருந்தால், அதை வாரியத்தின் பெயருக்கு மாற்றவோ, குறைந்தது எழுத்தில் ஓர் உறுதி வாங்கவோ பாருங்கள். தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமானதும் பள்ளி இடம் மாறிய கதை எல்லா மாநிலத்திலும் உண்டு, அது அவருக்கும் தெரியும்.

அடுத்தது வரி விலக்கு. 1967-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் உங்கள் நிதிக்கு உள்நாட்டு வருமானவரி வாரியத்தின் அங்கீகாரம் இருந்தால், ரொக்கமாகக் கொடுப்பவர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். கம்பெனிக்கும் அதே 10 விழுக்காடுதான். தனிநபருக்கு முன்பு 7 ஆக இருந்து, 2020 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் 10 ஆனது. கவனிக்க: இது பணத்துக்கு மட்டும். சிமெண்டும் கம்பியும் லாரியில் இறக்கிவிட்டு இந்தப் பிரிவில் ரசீது கேட்பவரிடம் பணிவாக, ஆனால் தெளிவாக மறுத்துவிடுங்கள். அங்கீகாரம் கைக்கு வருமுன் “வரி விலக்கு உண்டு” என்று வாயால்கூடச் சொல்லாதீர்கள்.

கட்டட வரைபடம், மாநிலக் கல்வி இலாகாவின் சம்மதம், நகராண்மைக் கழகத்தின் அனுமதி, குத்தகையாளரின் விலைப்பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

தொகையை உடையுங்கள்

ஒரு கணக்குக்கு, தேவை 12 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) என்று வைப்போம். இதை 1,200 பேரிடம் ஆளுக்கு 1,000 வெள்ளி என்று வகுத்துப் போட்டு யாரும் கட்டி முடித்ததாக நான் பார்த்ததில்லை. இப்படி உடையுங்கள்: இரண்டரை லட்சம் தருபவர் ஒருவர், ஒரு லட்சம் தருபவர் இருவர், 50,000 தருபவர் ஐவர், 20,000 தருபவர் பத்துப் பேர். பதினெட்டுப் பேரிடம் 9 லட்சம் வந்துவிடுகிறது. மீதி 3 லட்சம்தான் விருந்துக்கும், ஆளுக்கொரு செங்கல் என்று விற்கும் டிக்கெட்டுக்கும். ஒவ்வொரு நன்கொடைக்கும் மூன்று நான்கு பெயர் கையில் வேண்டும், ஏனென்றால் பலர் மறுப்பார்கள். ஆக அறுபது பெயர் தேவை.

மேலிருந்து கீழே வருவதுதான் முறை. 1953-இல் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு ரப்பர் வியாபாரி டான் லார்க் சை முதலில் 50 லட்சம் வெள்ளி அறிவித்தார். அதற்குப் பிறகுதான் டிரைஷா (மூன்று சக்கர சைக்கிள் வண்டி) ஓட்டிகள் தங்கள் ஒரு நாள் வருமானத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரியவர் முன்னால் நின்றதால் சின்னவர்களுக்கும் நம்பிக்கை வந்தது. நம் ஊரிலும், சுங்கை சிப்புட்டில் 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி எழுந்தபோது, பின்னாளில் அமைச்சரான துன் வீ. தி. சம்பந்தன் முன்னால் நின்றார். “அவரே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினாரே?” என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் அது பங்கு. போட்டவருக்குத் திரும்ப வரும். நன்கொடை அப்படி இல்லை.

அறுபது பெயர் எங்கே கிடைக்கும்?

பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறங்கள். எல்பில், ஹீவூட், டவன்பி என்று தோட்டத்தைச் சொன்னால் போதும், யார் வீட்டுப் பிள்ளை இப்போது கிள்ளானில் லாரி கம்பெனி வைத்திருக்கிறது, யார் மகள் சிங்கப்பூரில் டாக்டர் என்பதை ஊர்ப் பெரியவர்கள் மூன்று தலைமுறைக்குச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பிடித்தால் இன்னும் நல்லது. எந்த டத்தோ எந்த வாய்ப்பாட்டில் திணறினார் என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருக்கும்.

பணம் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பள்ளிமேல் பற்று இருக்கிறதா, வாரியத்தில் யாராவது அவருக்கு நெருக்கமா என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நாட்டிலேயே பெரிய பணக்காரர் பெயரைப் பட்டியலின் தலையில் எழுதுவது வீண் வேலை.

கேட்கப் போகும் நாள்

போகுமுன் வாரிய உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பங்கை எழுதியிருக்க வேண்டும். 500 வெள்ளியானாலும் சரி. “நீங்க எவ்வளவு போட்டீங்க?” என்ற கேள்வி வரும்.

இருவர் போனால் போதும். ஒருவர் அவருக்குப் பழக்கமானவர், மற்றவர் தலைமையாசிரியர் அல்லது கணக்கு தெரிந்தவர். எட்டுப் பேர் வேனில் போய் இறங்கினால் அவர் பயந்துபோய் ஆயிரம் வெள்ளி கொடுத்து அனுப்பிவிடுவார். முதல் சந்திப்பில் பணம் கேட்காதீர்கள். பள்ளிக்கு அழைத்து வந்து, மழை நாளில் வாளி வைத்திருக்கும் வகுப்பைக் காட்டுங்கள். அவர் படித்த அறை இன்னும் இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். பழைய கதை அவர் வாயாலேயே வரும்: ஐந்து மணிப் பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது), ரப்பர்ப் பால் வாளி, அப்பாவின் சைக்கிள்.

அடுத்த சந்திப்பில் ஒரே ஒரு தாளோடு போங்கள். மேலே கட்டடப் படம், நடுவில் செலவுக் கணக்கு, கீழே இதுவரை சேர்ந்த தொகை. “உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் வாயில் தானாக வருவது அதுதான், மிகப் பெரிய நஷ்டமும் அதில்தான். இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, நூலகத்துக்கு ஒரு லட்சம் ஆகும். அதை நீங்க ஏத்துக்கணும்னு ஆசைப்படுறோம். மூணு வருஷத்துல கொடுத்தாலும் சரி.”

அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் கூரையைப் பார்ப்பார், தேநீரைக் கலக்குவார். அந்த அமைதி தாங்காமல் நீங்களே “இல்லண்ணே, ஐம்பதுன்னாலும் பரவாயில்ல” என்று இறங்கினால் ஐம்பதுதான் கிடைக்கும். “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்றால் நல்ல அறிகுறி. அவர் மனைவியையும் பள்ளிக்கு அழைத்துவிடுங்கள். மறுத்தாலும் நன்றி சொல்லி, வேறு யாரைப் பார்க்கலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எழுத்தில் வாங்குங்கள்

சம்மதித்த வாரத்திலேயே ஒரு பக்கக் கடிதம்: தொகை, தவணைத் தேதிகள், எதற்காக, பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது. மேடையில் பிடித்த மாதிரிக் காசோலையைக் குத்தகையாளரிடம் கொடுக்க முடியாது. அறைக்குப் பெயர் வைப்பதில் தவறில்லை, ஆனால் எந்தத் தொகைக்கு எந்த அறை என்பதை வாரியம் முன்கூட்டியே தீர்மானமாக எழுதிவைக்கட்டும். இல்லையென்றால் ஒரே மண்டபத்துக்கு இரண்டு டத்தோ வந்து நிற்பார்கள்.

டின் ஏந்தித் தெருவில் வசூலிக்க எண்ணம் இருந்தால், அதற்கு, வீடுவீடாகவும் தெருவிலும் வசூலிப்பது பற்றிய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போலீஸ் அனுமதி வேண்டும்.

மூலநிதி

கட்டடம் திறக்கும் நாளில் நாடா வெட்ட ஆள் வரும். பத்து வருஷம் கழித்து சாக்கடை அடைத்தால் யாரும் வரமாட்டார்கள். அதனால் மேலே சொன்ன 12 லட்சத்தில் 10 லட்சத்தைக் கட்டடத்துக்கும் 2 லட்சத்தை மூலநிதிக்கும் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். கட்டி முடித்தபின் பராமரிப்புக்கென்று தனியாகக் கேட்டால் கொடுக்க ஆள் கிடைப்பது கடினம்.

மூலநிதியின் அசலைத் தொடக்கூடாது, வருமானத்தை மட்டும் செலவழிக்கலாம். 2 லட்சம் நிரந்தர வைப்பில் 3 விழுக்காட்டுக்கு இருந்தால் வருஷத்துக்கு 6,000 வெள்ளி, மாதம் 500. அதில் 1,000 வெள்ளியை ஆண்டுதோறும் அசலோடு சேர்த்துவிட்டால் விலைவாசி ஏற்றத்தைக் கொஞ்சமாவது ஈடுகட்டும். மிச்சத்தில் குழாயும் பெயிண்ட்டும் கூரைத் தகடும் பார்த்துக்கொள்ளலாம். தனிக் கணக்கு, காசோலைக்கு இரண்டு கையெழுத்து, ஆண்டுதோறும் தணிக்கை. அசலைத் தொடுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாரிய உறுப்பினர் சம்மதம் வேண்டும் என்றும் தீர்மானம் போடுங்கள். தலைவர் மாறுவார், அவசரம் என்று யாராவது கையை நீட்டுவார்.

ரசீதை ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கும் இரண்டு படமும் போகட்டும், பணம் எதுவும் கேட்காமல். தவணை தவறினால் வாட்ஸ்அப் குழுவில் போடாமல், முதலில் கேட்கப் போன அதே ஆள் நேரில் போய்ப் பார்க்கட்டும். அந்த வருஷம் அவருக்கு வியாபாரம் படுத்திருக்கலாம். தேதியைத் தள்ளிப்போட்டுப் புதுக் கடிதம் எழுதிக்கொண்டால் போதும்.