எட்டரை மணியை மறந்தவர்கள்

போன மாதம் ஒரு முதுகலை மாணவர் மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். செயற்கைக்கோள் சொன்ன மழை ஒரு அச்சில், மழைமானி சொன்ன மழை இன்னொரு அச்சில். இரண்டும் பொருந்தினால் புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். இவையோ தரையில் கொட்டிய கடுகு மாதிரி சிதறிக் கிடந்தன. "நம்ம ஊருக்கு சாட்டிலைட் சரிப்படாது போல, சார்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே கடுகை நானும் ஒரு காலத்தில் கொட்டியிருக்கிறேன்.

அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டு, சென்னை மழையை வட துருவத்துப் பக்கம் தேடுவது போன்ற தவறுகளை இங்கே எழுதப் போவதில்லை. அவை அன்றைக்கே பிடிபட்டுவிடும். செயற்கைக்கோள் மழையை மழைமானியோடு ஒப்பிடும்போது பிடிபடாமல் கூடவே வருகிற தவறுகள்தான் ஆபத்து. இங்கே எழுதப் போவது அவற்றைத்தான்.

முதலில் ஒரு சின்னப் பின்னணி. உலகில் தரவு கிடைக்கிற மழைமானிகளின் வாய்களையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிக் கால்பந்துத் திடல்கூட நிரம்பாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மீதி பூமிக்கு வானத்திலிருந்துதான் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் 1997-இல் டிஆர்எம்எம், 2011-இல் இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய மேகா-ட்ராபிக்ஸ், 2014-இல் நாசாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய ஜிபிஎம் என்று மழையைப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் போயின. (மேகா-ட்ராபிக்ஸில் மழையைப் பார்க்க வைத்திருந்த கருவிக்கு மெட்ராஸ் என்று பெயர். 2013-இல் பழுதாகி நின்றுவிட்டது. இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு வருத்தம்.) சர்வதேச மழைப்பொழிவுப் பணிக்குழு என்று ஒன்று 2001 முதல் இயங்குகிறது. மழையைக் கணிக்கும் முறைகளை எழுதுகிறவர்களையும், அவற்றைத் தரையில் சரிபார்க்கிறவர்களையும் ஒரே அறையில் உட்கார வைப்பது அதன் முக்கிய வேலை. நம் ஊரில் இந்தத் துறைக்குள் வரும் பெரும்பாலோர் இரண்டாவது வகை. ஆகவே நம் தவறுகளும் சரிபார்ப்பில்தான் நடக்கின்றன.

வெற்றிடத்தைப் பூஜ்யம் ஆக்குவது

தரவுக் கோப்பில் -999 என்று இருந்தால் அன்று அளக்கவில்லை என்று பொருள். மழை பெய்யவில்லை என்று அல்ல.

வேகத்தை அளவாகக் கூட்டுவது

ஜிபிஎம்மும் அதன் துணைச் செயற்கைக்கோள்களும் சேர்ந்து தரும் ஐமெர்க் என்ற மழைத் தரவின் அரைமணிக் கோப்பில் இருப்பது மணிக்கு இத்தனை மி.மீ. என்ற வேகம். அரை மணிக்கு அதில் பாதிதான் பெய்யும். ஆகவே பாதியாக்கிவிட்டுக் கூட்டுங்கள்.

தேதியை அப்படியே நம்புவது

இதுதான் என் பணத்தையும் உறக்கத்தையும் தின்றது. ஒன்றரை வருட உழைப்பும் போயிற்று. இன்னும் வாரம் ஒருவராவது இதோடு வந்து நிற்கும்போது எரிச்சலை அடக்கத் தெரியவில்லை.

"இன்று காலை 8.30 மணியுடன் முடிவடைந்த 24 மணி நேரத்தில்" என்ற வரியைத் தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிற எவரும் நூறு முறை தாண்டியிருப்பார்கள். நானும் தாண்டினேன். தாண்டியதுதான் பிழை. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஒரு தேதிக்குரிய மழை, முந்தைய நாள் காலை எட்டரை முதல் அந்தத் தேதியின் காலை எட்டரை வரை பெய்தது. செயற்கைக்கோளின் நாள் கோப்போ உலகப் பொது நேரப்படி ஓடுகிறது. நம் கடிகாரத்தில் அது காலை ஐந்தரை முதல் மறுநாள் காலை ஐந்தரை வரை. இரண்டு அட்டவணையிலும் ஒரே தேதி போட்டிருக்கும். ஆனால் அந்த இரண்டு நாட்களுக்கும் பொதுவாக இருப்பது மூன்றே மணி நேரம்!

2015 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவான தேதி டிசம்பர் 2. அந்த மழை கொட்டியது டிசம்பர் 1 பகலிலும் இரவிலும். செயற்கைக்கோள் அதை ஒழுங்காக டிசம்பர் 1-இல் வைத்திருந்தது. நான் டிசம்பர் 2-ஐ டிசம்பர் 2-ஓடு ஒப்பிட்டுவிட்டு, பெருமழையையே பார்க்கத் தெரியாத செயற்கைக்கோள் என்று ஒரு பத்தி எழுதினேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த "குறையை"ச் சரிசெய்ய ஒரு திருத்தக் காரணி கண்டுபிடித்து, எல்லா வருடத் தரவையும் அதனால் பெருக்கி, அடையாற்று வெள்ளத்தைக் கணினியில் கணக்கிடும் மாதிரிக்குள் செலுத்தினேன். ஆற்றில் வெள்ளம் வந்தது டிசம்பர் 1 இரவு. என் அட்டவணையில் மழை டிசம்பர் 2. மழைக்கு முன்னால் வெள்ளம். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. மாதிரியின் எண்களைத் திருகித் திருகி அதைச் சரியாக்கப் பார்த்தேன்.

ஒரு பயிலரங்கில் இதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். ஓய்வுபெற்ற மழைப் பதிவாளர். முப்பது வருடம் தினமும் எட்டரைக்கு மழைமானியைத் திறந்தவர்.

"தம்பி, உங்க டிசம்பர் ரெண்டு எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்கே தெரியவில்லை. அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

இவ்வளவு நாள் ஏன் பிடிபடவில்லை? மாதக் கூட்டுத்தொகையில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். மாதத்தின் இரு ஓரங்களிலும் ஒரு நாள் வழுக்கினால் மொத்தத்தில் பெரிதாக ஒன்றும் மாறாது. மாதக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறதே என்ற தைரியத்தில் நாள் கணக்கின் சிதறலுக்குச் செயற்கைக்கோளைக் குற்றம் சொல்லிவிடுவோம்.

சரி, ஒரு நாள் தள்ளிவிட்டால் தீர்ந்ததா? முக்கால்வாசிக்கு மேல் தீரும். மழைமானியின் 2-ஆம் தேதியைக் கோப்பின் 1-ஆம் தேதியோடு வைத்தால் 24-இல் 21 மணி நேரம் பொருந்தும். மீதி மூன்று மணி நேரம், காலை ஐந்தரை முதல் எட்டரை வரை, இடித்துக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நம் கடற்கரைக்குப் பின்னிரவிலும் விடிகாலையிலும்தான் பல நாள் மழை வலுக்கும். அந்த மூன்று மணி நேரத்தை விடக் கூடாது. அரைமணிக் கோப்புகளை எடுத்து, உலகப் பொது நேரம் 03:00-இல் தொடங்கி மறுநாள் 03:00 வரை 48 துண்டுகளை நீங்களே கூட்டுங்கள். முதல் நாளில் 42, மறுநாளில் 6. கூட்டி வந்ததற்கு மறுநாள் தேதியைப் போடுங்கள். சோம்பல்படுகிறவர்கள் குறைந்தபட்சம் ஒட்டுறவுக் கெழுவை (இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்) மூன்று முறை கணக்கிடுங்கள்: ஒரு நாள் முன்னே, அப்படியே, ஒரு நாள் பின்னே. உச்சம் நடுவில் இல்லையென்றால் கட்டுரை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

வெளிநாட்டுத் தரவென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் காலை ஒன்பது மணிக்கு அளந்து, நம்மைப் போல அளந்த தேதியில் எழுதுவார்கள். பிரிட்டனிலும் ஒன்பது மணிதான், ஆனால் மழையை முந்தைய தேதியில் எழுதுவார்கள். இரண்டும் ஒன்பதுதானே என்று ஒரே நிரலில் போட்டால் கதை கந்தல்.

அந்த மாணவரிடம் இதையெல்லாம் அரை மணி நேரம் விளக்கினேன். மறுநாள் ஒரு வாட்ஸ்அப்: "சார், ஒரு நாள் தள்ளிட்டேன், இப்ப இன்னும் மோசமா இருக்கு." எதிர்த்திசையில் தள்ளியிருந்தார்.

ஏற்கெனவே சேர்த்துவிட்ட மழைமானியால் சோதிப்பது

ஐமெர்க் மூன்று பதிப்பாக வருகிறது. இறுதிப் பதிப்பு மாதக் கணக்கில் தாமதமாக வரும். ஜெர்மனியில் உள்ள உலக மழைத் தரவு மையத்தின் மாத மழைமானித் தொகுப்பை வைத்து அதைத் திருத்தியிருப்பார்கள். அந்தத் தொகுப்புக்குள் இந்திய நிலையங்களும் உண்டு. அதே நிலையங்களை வைத்து இறுதிப் பதிப்பைச் சோதித்து "அபாரமான பொருத்தம்" என்று எழுதுவது, பதிலைப் பார்த்து எழுதிய தேர்வுக்கு முதல் வகுப்பு கொடுப்பது. அந்த மாதத்து மழைமானித் திருத்தம் கலக்காத செயற்கைக்கோளின் திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் சில மணி நேரத்தில் வரும் முந்தைய பதிப்புகளை எடுங்கள்.

மலையையும் சமவெளியையும் ஒரே சராசரிக்குள் போடுவது

நிலத்தின் மேல் செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவிகள் மழையைப் பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும் பனித்துகள்களின் வழியாகத்தான் ஊகிக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சின்னக்கல்லாரிலும் தேவாலாவிலும் கொட்டும் மழையில் கணிசமான பங்கு உயரம் குறைந்த மேகங்களிலிருந்து வருகிறது. அவற்றில் பனி குறைவு. ஆகவே கருவி குறைத்துச் சொல்லும். தஞ்சாவூரோடு சேர்த்துச் சராசரி போட்டால் அந்தக் குறை கண்ணிலேயே படாது.

தானியங்கி மழைமானியைத் திறந்து பார்க்காதது

அடைமழையில் பூஜ்யம் காட்டினால் புனலில் இலை. பல்லி முட்டையும் பார்த்திருக்கிறேன்.

குடுவையை மாற்றுவது

100 ச.செ.மீ. வாய்க்கு ஒரு அளவுக் குடுவை, 200 ச.செ.மீ. வாய்க்கு வேறொன்று. மாற்றி ஊற்றினால் மழை பாதியாகும், இல்லை இரட்டிப்பாகும். ஒரு கல்லூரி மாடியில் இரண்டு பருவம் இப்படி அளந்திருக்கிறார்கள். மழைமானி தரையில் இல்லாமல் மாடியில் இருந்ததே தனிப் பஞ்சாயத்து.