சிறிய பந்தய அணிக்கு எஞ்சினும் ஹைபிரிடும்: யாரிடம், எந்த நிபந்தனையில் வாங்குவது

காரை வரையத் தொடங்குவதற்கு முன்பே எஞ்சின் யாரிடமிருந்து வரப்போகிறது என்பதை ஓர் அணி முடிவு செய்துவிட வேண்டும். எஞ்சினின் நீளம், கிராங்க் தண்டின் உயரம், கியர்பாக்ஸோடு சேரும் போல்ட் துளைகளின் அமைப்பு, ரேடியேட்டருக்குத் தேவையான காற்றின் அளவு ஆகியவை காரின் பின்பாதி முழுவதையும் தீர்மானிக்கின்றன. 2008 டிசம்பரில் ஹோண்டா ஃபார்முலா ஒன்றிலிருந்து விலகியபோது, பின்னர் பிரான் ஜிபி ஆன அந்த அணி மெர்சிடிஸ் எஞ்சினை ஏற்பதற்காகத் தயாராக இருந்த சேசிஸின் (காரின் அடிப்படை உடற்கூட்டின்) பின்பகுதியை மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கார் 2009இல் இரு பட்டங்களையும் வென்றது உண்மைதான். ஆனால் ஒரு பெரிய தொழிற்சாலையின் பொறியாளர்கள் கையில் இருந்ததால்தான் அந்த வேலை அவ்வளவு குறுகிய காலத்தில் முடிந்தது. பத்துப் பேர் கொண்ட அணி அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விலை கேட்பதற்கு முன், நீங்கள் ஓடவிருக்கும் தொடரின் தொழில்நுட்ப விதிகளைப் படியுங்கள். பல தொடர்களில் உங்களுக்குத் தேர்வே இருக்காது. லெ மான் போன்ற நீண்டதூரப் பந்தயங்களின் எல்எம்பி2 பிரிவில் 2017 முதல் எல்லாக் கார்களும் கிப்சன் நிறுவனத்தின் 4.2 லிட்டர் வி8 எஞ்சினையே பயன்படுத்துகின்றன. அதற்குக் கீழ்நிலையான எல்எம்பி3 பிரிவின் புதிய தலைமுறைக் கார்களில் 2025 முதல் டொயோட்டாவின் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 மட்டுமே அனுமதி. அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் ஹோண்டா அல்லது ஷெவர்லே, இரண்டில் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். இவ்வகைத் தொடர்களை அனுபவம் குறைந்த அணிக்கு நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். எஞ்சினில் பின்தங்கிவிடுவோமோ என்ற கவலை இல்லாமல், ஓட்டுநர், டயர், சஸ்பென்ஷன் ஆகியவற்றில் முழுக் கவனத்தையும் செலுத்த முடியும்.

விதிகள் சுதந்திரம் தரும் இடங்களில் மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, தயாரிப்பாளரிடம் குத்தகைக்கு எடுப்பது. எஞ்சின் அவர்களுடையதாகவே இருக்கும். நீங்கள் ஒரு பருவத்துக்கோ கிலோமீட்டருக்கோ பணம் கட்டுகிறீர்கள். ஓவர்ஹால் (எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றுவது), மென்பொருள், பந்தயத்தன்று உடன் நிற்கும் பொறியாளர் ஆகியவை பெரும்பாலும் இதில் அடங்கும். இரண்டாவது, சுயேச்சையான எஞ்சின் பட்டறையிடம் விலைக்கு வாங்குவது. ஃபார்முலா ஒன்றில் 2010ஆம் ஆண்டு புதிதாக நுழைந்த லோட்டஸ் ரேசிங், வர்ஜின், எச்ஆர்டி ஆகிய மூன்று அணிகளும் காஸ்வொர்த்திடம்தான் சென்றன; பெரிய கார் நிறுவனங்களின் கதவு திறக்காத இடத்தில் இத்தகைய பட்டறைகள்தான் சிறிய அணிகளைக் களத்தில் வைத்திருக்கின்றன. மூன்றாவது, சாலைக் காரின் அல்லது மோட்டார் சைக்கிளின் எஞ்சினை எடுத்து நீங்களே தயார் செய்வது. எடை குறைந்த காருக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் நல்ல தேர்வு. வரிசை முறை கியர்பாக்ஸும் கிளட்சும் அதே உறைக்குள் வந்துவிடும். ஆனால் வளைவுகளில் காரின் மீது வரும் பக்கவாட்டு விசை மோட்டார் சைக்கிளுக்கு இல்லாதது என்பதால், எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சி, பேரிங் தேய்ந்துவிடும். எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் அமைப்பதோ எண்ணெயை எஞ்சினுக்கு வெளியே தனித் தொட்டியில் வைக்கும் உலர் சம்ப் முறைக்கு மாறுவதோ முதல் ஓட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இவற்றுக்கு நடுவிலும் ஒரு பாதை உண்டு. பிரிட்டிஷ் டூரிங் கார் தொடரில் சொந்த எஞ்சினை உருவாக்க வசதியில்லாத அணிகள், தொடர் அமைப்பாளரான டோகாவின் பொது எஞ்சினைக் குத்தகைக்கு எடுக்கலாம்; 2022 முதல் அதை எம்-ஸ்போர்ட் தயாரித்து வழங்குகிறது. உங்கள் தொடரில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால், முதல் ஆண்டில் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

செலவைக் கணக்கிடும்போது எஞ்சினின் விலையை மட்டும் பார்ப்பதால்தான் பல அணிகள் பருவத்தின் பாதியில் நின்றுவிடுகின்றன. பார்க்க வேண்டியது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு. எடுத்துக்காட்டாக, இரண்டு ஓவர்ஹாலுக்கு இடையே 4,000 கிலோமீட்டர் என்று பட்டறை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி, தகுதிச் சுற்று, பந்தயம் எல்லாம் சேர்த்து ஒரு வார இறுதிக்கு 600 கிலோமீட்டர் ஓடும் அணிக்கு எட்டு வார இறுதிகளில் 4,800 கிலோமீட்டர் ஆகும். சோதனை ஓட்டங்களுக்கு 1,600 சேர்த்தால் மொத்தம் 6,400. அதாவது ஓவர்ஹால் பருவத்தின் நடுவில் வந்து விழும். பட்டறைக்கு அந்த வேலைக்கு ஆறு வாரம் தேவைப்பட்டு, பந்தயங்கள் மூன்று வார இடைவெளியில் நடந்தால், குறைந்தது ஒரு பந்தயத்தையாவது இழப்பீர்கள். எனவே இரண்டாவது எஞ்சின் ஆடம்பரம் அன்று. அதன் விலையையும் முதல் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். 20 குதிரைத்திறன் குறைவாகக் கொடுத்து இரு மடங்கு தூரம் ஓடும் எஞ்சின் கிடைத்தால் சிறிய அணி அதைத்தான் எடுக்க வேண்டும். எஞ்சின் திறனை அளக்கும் டைனோ கருவியில் காணும் உச்சபட்ச எண்ணைவிட, வளைவிலிருந்து வெளியேறும்போது கிடைக்கும் முறுக்குவிசை சுற்று நேரத்துக்குப் பெரும்பாலும் அதிகம் உதவுகிறது.

ஹைபிரிட் என்பது பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மீட்டுச் சேமித்து, மின்மோட்டார் மூலம் எஞ்சினுக்குத் துணை நிற்கும் அமைப்பு. அதைப் பற்றிய முடிவில் இன்னும் நிதானம் வேண்டும். விதி கட்டாயமாக்காத வரை, ஹைபிரிட் தரும் நன்மையை அதன் எடையோடு நிறுத்துப் பாருங்கள். 2009இல் ஃபார்முலா ஒன்றில் அறிமுகமான கெர்ஸ் என்ற ஆற்றல் மீட்பு அமைப்பு, ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல் ஆற்றலை 60 கிலோவாட் திறனில் தந்தது. அது ஏழு நொடிக்கும் குறைவான உந்துதல். அந்த ஆண்டு பட்டம் வென்ற பிரான் காரில் அது இல்லை. வலுவான பிரேக்கிங் பல முறை வரும் தடத்தில் மீட்கும் ஆற்றல் அதிகம். நீண்ட, வேகமான வளைவுகள் நிறைந்த தடத்தில் சுமந்து செல்லும் எடைதான் மிஞ்சும்.

ஹைபிரிட் கட்டாயம் என்றால், மோட்டாரை ஒருவரிடமும் பேட்டரியை மற்றொருவரிடமும் கட்டுப்பாட்டு மென்பொருளை மூன்றாமவரிடமும் வாங்கி நீங்களே இணைக்க முயல வேண்டாம். பழுது வரும்போது ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். நடுவில் நிற்பது அணி. நீண்டதூரப் பந்தயங்களின் உயர்நிலை ஹைபிரிட் கார்களுக்கான எல்எம்டிஎச் பிரிவில் போஷ் மோட்டார், வில்லியம்ஸ் அட்வான்ஸ்டு எஞ்சினியரிங் உருவாக்கிய பேட்டரி, எக்ஸ்ட்ராக் கியர்பாக்ஸ் எல்லாம் எல்லாக் கார்களுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டிருப்பதால், 2023இல் ஜோட்டா போன்ற தனியார் அணியும் போர்ஷே 963ஐ வாங்கி ஓட்ட முடிந்தது. ஆற்றலைச் சேமிக்கும் முறையையும் கேளுங்கள். 2024 ஜூலை முதல் இண்டிகாரில் உள்ள ஹைபிரிட், பேட்டரிக்குப் பதிலாக அதிதிறன் மின்தேக்கிகளைப் பயன்படுத்துகிறது. அவை சேமிக்கும் ஆற்றல் குறைவு; ஆனால் சில நொடிகளில் நிரம்பிக் காலியாகும், லித்தியம் செல்களைப் போலச் சூடேறித் தீப்பற்றும் அபாயமும் குறைவு.

விதியே மாறிவிடும் ஆபத்தையும் மறக்க வேண்டாம். உலக ரேலியின் முதன்மைப் பிரிவில் 2022இல் வந்த 100 கிலோவாட் ஹைபிரிட் 2025இல் கைவிடப்பட்டது. பிரிட்டிஷ் டூரிங் கார் தொடரிலும் அதே ஆண்டுகளில் அதே கதைதான். ரேலி அணிகளுக்கு அது முத்திரையிட்ட பெட்டியாகவே வந்தது. திறக்க அனுமதியில்லை, பழுதானால் தயாரிப்பாளரிடமே அனுப்ப வேண்டும். இத்தகைய சாதனத்தை விலைக்கு வாங்குவதைவிடக் குத்தகைக்கு எடுப்பதே பாதுகாப்பு.

உயிர் பற்றிய விஷயம் ஒன்று உள்ளது. நேர்மின்னோட்டம் 60 வோல்ட்டைத் தாண்டினால் அது ஆபத்தான மின்னழுத்தமாகக் கருதப்படுகிறது. 48 வோல்ட் அமைப்புகள் இந்த வரம்புக்குக் கீழே நிற்பதால் சிறிய அணிக்கு அவை எளிது. 2008 ஜூலையில் ஹெரெஸ் தடத்தில் நடந்த சோதனையில், கெர்ஸ் பொருத்திய பிஎம்டபிள்யூ சாபர் காரைத் தொட்ட மெக்கானிக்கை மின்சாரம் தாக்கியது. உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்ற இருவரையாவது அணியில் வைத்திருங்கள். ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காப்புக் கையுறை, காப்பிடப்பட்ட கருவிகள், அடிபட்ட பேட்டரியைத் தனியே வைக்கத் திறந்த இடம் ஆகியவை வாங்கும் பட்டியலில் இருக்க வேண்டும். எஞ்சின் குளிரூட்டி நூறு டிகிரியை ஒட்டி ஓடும். லித்தியம் செல்களுக்கு அறுபது டிகிரியே அதிகம் என்பதால், பேட்டரிக்குத் தனிக் குளிரூட்டும் சுற்று தேவை. தனியாக விமானத்தில் அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகள் ஆபத்தான சரக்காகக் கருதப்பட்டுச் சரக்கு விமானத்தில் மட்டுமே ஏற்றப்படுகின்றன. சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. வெளிநாட்டுப் பந்தயம் உங்கள் அட்டவணையில் இருந்தால், இந்தப் போக்குவரத்தை யார் ஏற்பாடு செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சில வரிகளை வக்கீலோடும் உங்கள் தலைமை மெக்கானிக்கோடும் சேர்ந்து படியுங்கள். வழங்குபவரின் சொந்த அணிக்குக் கிடைக்கும் அதே பதிப்பு உங்களுக்கும் கிடைக்குமா? 2016இல் டோரோ ரோசோ முந்தைய ஆண்டின் ஃபெராரி எஞ்சினோடு ஓடியது. பருவம் தொடங்கியபோது அது போதுமான வேகம் தந்தது, மற்றவர்கள் முன்னேற முன்னேற அந்த அணி பின்தங்கியது. பழைய பதிப்பை ஏற்பதென்றால் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும். விபத்தில் உடைந்தால் செலவு யாருடையது, ஓட்டுநரின் தவறால் சுழற்சி வேகம் வரம்பு மீறினால் என்ன நடக்கும், சென்சார் தரவுகளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டா, ஓவர்ஹால் தாமதமானால் மாற்று எஞ்சின் வருமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

கியர்பாக்ஸையும் அதே இடத்தில் வாங்க முடியுமா என்றும் கேளுங்கள். 2016இல் புதிதாக வந்த ஹாஸ் அணி, ஃபெராரியிடமிருந்து எஞ்சினோடு கியர்பாக்ஸையும் விதி அனுமதித்த மற்றப் பாகங்களையும் வாங்கி, முதல் பந்தயத்திலேயே ஆறாம் இடம் பெற்றது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஹைபிரிட் மூன்றின் துல்லியமான முப்பரிமாண வரைபடங்களையும், இயங்காத மாதிரி எஞ்சின் ஒன்றையும் ஒப்பந்தத்தோடு கேட்டு வாங்குங்கள். குழாய்களும் கம்பிகளும் எங்கே போகும் என்பதை அந்த மாதிரியைச் சேசிஸில் பொருத்திப் பார்த்து முடிவு செய்துவிட்டால், உண்மையான எஞ்சின் வந்த வாரத்திலேயே அதை இயக்கிப் பார்க்கலாம்.