அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்: விமர்சனம் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

1998இல் வந்த இந்தப் படத்தை எங்கள் திரைப்படக் கழகத்தில் திரையிடும்போதெல்லாம் புதிதாக எழுத வருகிறவர்களின் கட்டுரைகள் என் கைக்கு வரும். பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழை எல்லாம் யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம். படத்தையே தலைகீழாக்கும் பிழைகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவு வரை பேசப் போகிறேன்.

"அப்பாவைக் கொன்றார்கள், அதனால் நாஜி ஆனான்"

இந்த வரியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வெள்ளையின வெறிபிடித்த நாஜிக் கும்பலில் சேரும் டெரெக்தான் படத்தின் நாயகன். அவனுடைய அப்பா தீயணைப்பு வீரர். போதைமருந்து புழங்கும் வீட்டில் தீயை அணைக்கப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்படுகிறார். நிருபர் மைக்கை நீட்டுகிறார். அழுதுகொண்டே தொடங்கும் டெரெக், சில நொடிகளில் வெறுப்பைக் கொட்டுகிறான். இந்தக் காட்சி முன்னாலேயே வந்துவிடுவதால், காரணம் கிடைத்துவிட்டது என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

படம் முடியப்போகும் நேரத்தில் தம்பி டேனி வேறொரு நாளை நினைத்துப் பார்க்கிறான். குடும்பமே சாப்பாட்டு மேசையில். பள்ளி மாணவனான டெரெக், தன் கறுப்பின ஆசிரியர் ஸ்வீனியைப் பற்றிப் பூரிப்போடு பேசுகிறான். ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலை வகுப்பில் படிக்கிறார்கள். அப்பா கத்தவில்லை. சாப்பிட்டபடியே, தன் வேலையில் தேர்ச்சி குறைந்த கறுப்பர்களுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், என் உயிர் இனி அவர்கள் கையில்தானே என்கிறார். டெரெக் தயங்குகிறான், பிறகு தலையாட்டுகிறான். அந்த நொடியில் டெரெக்காக நடிக்கும் எட்வர்ட் நார்ட்டனின் முகத்தைப் பாருங்கள்: அப்பாவிடம் நல்ல பெயர் வாங்கத் துடிக்கிற பிள்ளையின் முகம்.

நன்றாக எழுதக்கூடிய ஒரு தம்பியின் கட்டுரையில் இந்தக் காட்சியே இல்லை. கேட்டேன். "அது சும்மா ஃபேமிலி சீன்தானே சார்?" என்றான். அதை விட்டுவிட்டால் மொத்தப் பழியும் சுட்டவன் தலையில் விழுகிறது; டெரெக்கின் வெறி, பாசத்தில் வந்த கோபமாகிவிடுகிறது. நாஜித் தலைவர் கேமரன் அலெக்ஸாண்டர் வந்து கும்பல் சேர்ப்பதற்கு முன்பே, பாசமான ஒரு வீட்டில், பாசமான ஒரு அப்பா பாதி வேலையை முடித்துவைத்திருந்தார். படம் சொல்வதிலேயே கசப்பானது இதுதான். அதைப் போய் எப்படி விடுவது?

கறுப்புவெள்ளையைப் பற்றி ஒரு பத்தி

கடந்தகாலம் கறுப்புவெள்ளை, நிகழ்காலம் வண்ணம். சொல்லிவிட்டு நகருங்கள்.

"சிறையில் அடிபட்டுத் திருந்தினான்"

சிறைக்குள் தான் சேர்ந்த வெள்ளையினக் கும்பல் மெக்சிகோக்காரர்களோடு போதைமருந்து வியாபாரம் செய்வதைப் பார்த்தபோதே டெரெக்குக்கு அவர்கள்மேல் இருந்த நம்பிக்கை விட்டுப்போகிறது. அந்தக் கும்பல் குளியலறையில் அவனுக்குச் செய்யும் பாலியல் கொடுமை அதற்குப் பிறகுதான். இதற்கு நடுவே லாண்டரியில் கூடவே துணி மடிக்கும் கறுப்பின இளைஞன் லாமான்ட் இருக்கிறான். வாய் ஓயாமல் பேசிப் பேசியே டெரெக்கைச் சிரிக்கவைக்கிறான். லாமான்ட் திருடிய டிவி போலீஸ்காரர் காலில் விழுந்தது; தாக்கினான் என்று ஆறு ஆண்டு. நடைபாதை விளிம்பைக் கடிக்கவைத்து ஒருவனை மிதித்துக் கொன்ற டெரெக் மூன்றே ஆண்டில் வெளியே வருகிறான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியவர்கள் குறைவு.

டெரெக்கின் ஆவேசப் பேச்சை மட்டும் வெட்டிப் பகிர்வது

கூடவே கூடாது.

இயக்குநர் சண்டை

இயக்குநர் டோனி கே படத்தொகுப்பு விஷயத்தில் தயாரிப்பாளரான நியூ லைன் நிறுவனத்தோடு மோதி, தன் பெயரையே எடுக்கச் சொன்னார். ஒரு வரி போதும்.

டேனியின் சாவை "கர்மா" என்பது

பள்ளிக் கழிவறையில் டேனியைச் சுடுகிறவனும் ஒரு மாணவன்தான். முன்பு அதே பள்ளியில் அவன் முகத்தில் சிகரெட் புகையை ஊதியவன் டேனி. கர்மா என்று எழுதினால், அண்ணனைப் பார்த்து மொட்டை போட்டுக்கொண்ட ஒரு சிறுவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்றாகிவிடும். சுட்ட பையனுக்கு வீட்டில், தெருவில் யார் என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று படம் காட்டவில்லை. அவனுக்கும் ஒரு சாப்பாட்டு மேசை இருந்திருக்கும் என்று எழுதுங்கள்.