கதவுக்குள் பார்க்காமல் ஸ்பீக்கர் வாங்காதீர்கள்: கார் ஒலியமைப்பை மாற்றுவோர் செய்யும் தவறுகள்

வேலூரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ தேசிய நெடுஞ்சாலை 48-இல் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காருடன் வந்த ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்கும். தொப்பியின் கும்மென்ற நாதம் டயர் இரைச்சலில் கரைந்துவிடும். இந்தக் குறை பொறுக்காமல்தான் பெரும்பாலோர் ஆக்சசரீஸ் கடைக்குப் போகிறார்கள். போனதும் பெரிய திரை, பளபளக்கும் கூம்பு, பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணிக்கை ஆகிய மூன்றும் கண்ணில் படுகின்றன. பணமும் அந்த மூன்றுக்கே போய்விடுகிறது. என்னுடைய இரண்டு கார்களிலும் உறவினர் கார்கள் சிலவற்றிலும் இந்த வேலையை நானே செய்தும், அருகில் நின்று செய்வித்தும் இருக்கிறேன். ஒலியின் தரத்தை முடிவு செய்வது கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தாம் என்பதை அதில் பணம் கொடுத்தே கற்றேன்.

முதலில் வாட் கணக்கு. பெட்டியில் '50 வாட் × 4' என்று போட்டிருக்கும் ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் திரையோடு இருக்கும் பாட்டுக் கருவி) தொடர்ச்சியாக 50 வாட் தராது. எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அந்த அழுத்தத்தில், ஒலிச் சிக்னலைப் பெருக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்) இல்லாத ஒரு ஹெட் யூனிட் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவின்றித் தரக்கூடிய திறன் கணக்குப்படியே சுமார் 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 15 முதல் 20 வாட் வரைதான் கிடைக்கும். 50 என்பது கண நேர உச்சம். ஆகவே ஹெட் யூனிட்டிலும் ஆம்பிலும் ஸ்பீக்கரிலும் பார்க்க வேண்டியது, தொடர் திறனைக் காட்டும் 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்திருக்கும் எண்ணை மட்டுமே. ஸ்பீக்கரில் அதைவிடவும் முக்கியமான இன்னோர் எண் உண்டு. அதை ஏறக்குறைய யாரும் கேட்பதில்லை. அதுதான் உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்ற அளவு. 3 டெசிபல் கூடுவது திறனை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 88 டெசிபல் ஸ்பீக்கரை 20 வாட்டில் ஓட்டிப் பெறும் ஒலியை, 91 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே கொடுத்துவிடும். தொழிற்சாலையில் பொருத்திய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மிக இலேசானது; குறைந்த திறனிலேயே உரக்கப் பாடுவதற்கென்று செய்யப்பட்டது. அதைக் கழற்றிவிட்டு, 'அதிகபட்சம் 300 வாட்' என்று எழுதிய கனத்த கூம்பு ஸ்பீக்கரை ஆம்ப் இல்லாமல் பொருத்தியவர், பணம் கொடுத்த பிறகு முன்பைவிட மெல்லிய ஒலியைக் கேட்டு மனம் நொந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆம்ப் போடும் எண்ணம் இல்லையென்றால், 90 டெசிபலுக்குக் குறையாத உணர்திறன் உள்ளதைத் தேடுவதே சரி.

திரையை மாற்றுவது இரண்டாவது அவசரம். பழைய ஹெட் யூனிட்டுடன் ரிவர்ஸ் கேமராவும் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களும் பிணைந்திருக்கும்; அவற்றுக்கு உரிய இணைப்புப் பெட்டி இல்லாமல் புதியதைப் பொருத்தினால் அவை செயலிழக்கும். தொழிற்சாலை யூனிட் கெடாமல் ஓடுகிறதென்றால் அதை வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தைக் கதவிலும் ஆம்பிலும் போடுவதே மேல் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். சில கார்களில், சிறிய ஸ்பீக்கரைக் காப்பாற்றுவதற்காக, ஒலியை ஏற்ற ஏற்ற யூனிட் தானாகவே பாஸை (தாழ்ந்த ஒலிகளை) குறைத்துக்கொண்டு வரும். அப்படிப்பட்ட யூனிட்டிலிருந்து சிக்னல் எடுத்து எந்த ஆம்பைப் போட்டாலும் பாஸ் வராது. அதைத் திருத்தும் டி.எஸ்.பி. என்ற சிக்னல் சீராக்கும் கருவி தேவைப்படும்.

இனி கதவு. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது; காரில் கதவுதான் பெட்டி. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் கலந்தால் தாழ்ந்த சுரங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். டோர் பேடை (கதவின் உள்பக்க உறையை) கழற்றிப் பார்த்தால் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருப்பதும், அவற்றை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூடியிருப்பதும் தெரியும். வெளித்தகட்டை விரலால் தட்டினால் தகர டின்னைப் போல் ஒலிக்கும். ஓட்டையும் தகரமுமாக உள்ள பெட்டியில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரைப் பொருத்தினாலும் தொப்பியின் நாதம் வெளியே வராது. வெளித்தகட்டின் நடுவில் கால் பங்கிலிருந்து பாதிவரை, அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்தி, உள்தகட்டின் ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கரின் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே காற்று கசியாதபடி நுரைப்பட்டை வைத்துவிட்டால், பழைய ஸ்பீக்கரே வேறொன்றைப் போல் ஒலிப்பதைக் கேட்கலாம். அதைக் கேட்ட பிறகு புது ஸ்பீக்கர் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

இந்த வேலையில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். முதல் காருக்கு டேம்பிங் ஷீட் ஒட்டியபோது, பியூட்டைல் ரப்பரில் செய்ததற்கும் தாரில் செய்ததற்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியாது. பாதி விலையில் கிடைத்த தார் ஷீட்டை ஒரு கடையில் ஒட்டிக் கொடுத்தார்கள். நானும் மகிழ்ச்சியோடு வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள வீட்டுக்குத் திரும்பினேன். கத்திரி வெயில் தொடங்கியதும், நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் வாசலில் நின்ற காருக்குள், புதிதாகப் போட்ட சாலையின் வாடை வந்தது. மூடிய காரின் உள்வெப்பம் வெளிவெப்பத்தைவிட எளிதில் இருபது டிகிரி கூடும். கதவின் தகடோ நேர் வெயிலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும். ஒரு நாள் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. டோர் பேடைப் பிரித்தால், ஷீட்டின் மேல்முனை தகட்டை விட்டுப் பிரிந்து, வெல்லப்பாகு போல் வழிந்து கண்ணாடியின் ஓட்டத்தடத்தில் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு முழு நாள் ஆயிற்று. நம் ஊர் வெயிலுக்குத் தார் ஷீட் ஆகவே ஆகாது. அலுமினியத் தாள் மூடிய பியூட்டைல் ஷீட்டையே, அதுவும் தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கிய பிறகே ஒட்ட வேண்டும்.

அதே கதவு ஐப்பசி மழையில் இன்னொன்றைச் சொல்லிக் கொடுத்தது. வளைவில் திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் நீர் தளும்பும் ஓசை கேட்டது. கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பே. அது வெளியேறுவதற்கென்று கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் உண்டு. என் கதவில் ஷீட்டின் கீழ்முனை அந்தத் துளைகளை மூடிக்கொண்டிருந்தது. தேங்கிய நீரின் சேற்றுக்கோடு உள்ளே ஒரு விரற்கடை உயரத்தில் படிந்திருந்தது; விளிம்பில் துருவும் தொடங்கியிருந்தது. ஷீட்டை அடிவிளிம்புக்குச் சற்று மேலேயே நிறுத்திவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டவர்கள், அதற்கு ஈடாக உள்தகடு முழுவதையும் ஷீட்டால் மூடாவிட்டால், டோர் பேட் நனைந்து உப்பும். ஸ்பீக்கரை உயர்த்த வைக்கும் வளையத்தையும் சாதாரண எம்.டி.எஃப். பலகையில் செய்தால் இரண்டு மழைக்காலத்தில் ஊறி உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் வளையம் போதுமானது. வாங்கும் முன் கண்ணாடியை முழுவதும் இறக்கி, தகட்டுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 6.5 அங்குல ஸ்பீக்கர் எல்லாம் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. காந்தம் கண்ணாடியில் இடிக்கும்.

வயர் விஷயத்தில் பிழை செய்தால் கெடுவது ஒலி மட்டும் இல்லை. ஆம்புக்கான மின்கம்பி பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. அதன் உறை எங்கேனும் தேய்ந்து காரின் உடல்தகட்டைத் தொட்டால், பேட்டரி தன்னிடம் உள்ள மின்சாரம் முழுவதையும் அந்த வழியே கொட்டும்; கம்பி செக்கச் சிவந்து கார் பற்றிக்கொள்ளும். அதனால்தான் பேட்டரியின் நேர்முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அது ஆம்பைக் காக்கும், பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவே உள்ள நான்கைந்து மீட்டர் கம்பியைக் காக்காது. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் கம்பியை இழுத்திருந்தால், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

கம்பியின் பருமனிலும் ஏமாற்றம் நிறைய. உண்மையாக 400 வாட் தரும் டி வகை (மின் விரயம் குறைந்த) ஆம்ப் முழு வீச்சில் ஏறத்தாழ 35 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஒயரிங்கில் மீந்த 2.5 சதுர மி.மீ. கம்பியை அதற்குப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 4 கேஜ் கம்பி 21 சதுர மி.மீ., 8 கேஜ் 8.4 சதுர மி.மீ. என்று நினைவில் வைத்துக்கொண்டால் பருமனை ஒப்பிட்டுக் கேட்க முடியும். செப்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி, தூய செப்புக் கம்பியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தையே கடத்தும்; முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். எர்த் கம்பி நேர்முனைக் கம்பியின் அதே பருமனில், இயன்றவரை குட்டையாக, பெயிண்ட் சுரண்டிய வெறுந்தகட்டில் முடுக்கியிருக்க வேண்டும். எர்த் சரியில்லையென்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு 'ஙொய்' ஓசை ஏறி இறங்கும். சிக்னல் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டினாலும் அந்த ஓசை வரலாம். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமுமாகக் கொண்டுபோவது நல்லது.

காருடன் வந்த வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். உங்கள் மாடலுக்கு உரிய கப்ளர் (செருகு இணைப்பு) கிடைக்கும். அதைப் போட்டால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம், வாரன்டித் தகராறும் குறையும். மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் கை வைக்கக் கூடாது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில், முன்கண்ணாடி ஓரத் தூணில், உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரைத் திருகி வைப்பதும் ஆபத்து. ஏர்பேக் விரியும் வழியில் இருப்பது எதுவானாலும் முகத்தை நோக்கி வரும். பாஸுக்கென்று டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் பெட்டியையும் அப்படியே எண்ண வேண்டும். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கட்டாத பெட்டி ஒவ்வொரு திருப்பத்துக்கும் பக்கம் மாறி இடிக்கும். மோதல் நேர்ந்தால் இருபது கிலோ எடை பின்னிருக்கையில் இருப்பவர்மேல் பாயும். போல்ட் போட்டோ பட்டை போட்டோ இறுக்குங்கள்.

ஸ்பீக்கர் கம்பியின் முனைகளை மாற்றிக் கொடுப்பது சிறிய பிழை, ஆனால் மிகப் பரவலானது. ஒரு கதவில் கூட்டலும் கழித்தலும் இடம் மாறினால் இரண்டு கூம்புகளும் எதிரெதிராக அசைந்து பாஸ் காணாமல் போகும். ஸ்பீக்கர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் கம்பியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். நேர்முனை நேர்முனையில் பட்டால் கூம்பு 'டப்'பென்று வெளியே வரும். உள்ளே போனால் கம்பி மாறியிருக்கிறது.

ஆம்பில் உள்ள 'கெய்ன்' திருகை ஒலி கூட்டும் திருகாக எண்ணி முழுவதும் திருப்பிவிடுவதால்தான் பெரும்பாலான ட்வீட்டர்கள் கருகுகின்றன. ஆம்ப் தன் எல்லையைத் தாண்டித் தள்ளப்படும்போது அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிறது. அந்த வெட்டு, பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்களை உண்டாக்கி ட்வீட்டரின் மெல்லிய சுருளைச் சுடுகிறது. ஆம்பின் உண்மைத் திறனை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரவேண்டிய வோல்ட் கிடைக்கும். 50 வாட், 4 ஓம் என்றால் 14 வோல்ட். ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றி, ஹெட் யூனிட்டின் ஒலியை முக்கால் அளவில் வைத்து, ஈக்குவலைசரைச் சமமாக்கி, சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் வைத்த மல்டிமீட்டரில் அந்த எண் வரும்வரை மட்டும் திருப்ப வேண்டும். சப்வூஃபர் இருந்தால் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் போகாதபடி வடிகட்டியை வையுங்கள். அவற்றின் சுமை குறைந்து பாடகரின் குரல் தெளியும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் வலக் கதவு முந்திக் கேட்கும். ஒலி ஒரு மில்லி நொடியில் 34 சென்டிமீட்டர் போகும் என்ற கணக்கில், இரு கதவுகளின் தொலைவு வேறுபாட்டுக்கு ஏற்ப வலப்பக்கத்தைத் தாமதப்படுத்தினால், பாடுபவர் டேஷ்போர்டின் நடுவில் வந்து அமர்வார்.

ஒலியை எவ்வளவு ஏற்றுவது என்பதும் இதில் சேரும். 85 டெசிபலை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம், 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும் என்பது பணியிடக் கேள்திறன் காப்புக்கு அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. 88 டெசிபலில் கேட்டுக்கொண்டே இங்கிருந்து பெங்களூர் போய்ச் சேரும் நான்கு மணி நேரத்தில் அந்த நாளின் அளவு முடிந்துவிடும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழிசெய்கின்றன. மருத்துவமனைகள் நிறைந்த நம் ஊரில் கண்ணாடியை இறக்கிவிட்டு சப்வூஃபரை அதிரவிடுவது நோயாளிகளுக்குச் செய்யும் கொடுமை.

வேலை முடிந்து பணம் கொடுக்கும் முன் கடை வாசலிலேயே கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நான்கு கண்ணாடிகளையும் முழுவதும் ஏற்றி இறக்குங்கள். ஸ்டியரிங் பொத்தான்கள், ரிவர்ஸ் கேமரா, ஏர்பேக் விளக்கு எல்லாவற்றையும் பாருங்கள். சாவியை எடுத்த பிறகு ஆம்பின் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் பேட்டரி படுத்துவிடும். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை ஒவ்வொரு கண்ணாடியின் அடியோரத்திலும் மெல்ல ஊற்றி, குனிந்து கதவின் அடிவிளிம்பைக் கவனியுங்கள். சில நொடிகளில் அங்கே சொட்டத் தொடங்க வேண்டும். சொட்டவில்லையென்றால், டோர் பேடை மறுபடியும் கழற்றச் சொல்லுங்கள்.